கொடைக்கானலில் ராத்திரி 'பேய் டூர்' போகலாமா? உண்மையிலேயே எதையாவது பார்த்தவர்கள் இருக்கிறார்களா?

டிசம்பரில் நண்பர்களோடு வருவதாகவும், தங்கும் இடத்தில் பேய் டூர் என்று பணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலை விளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதைக்குப் பக்கத்தில் அப்பா ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் அங்கேதான் கிடப்போம். ஒரு நவம்பர் சாயங்காலம், மழை விட்டு முதுகில் வெயில் சுள்ளென்று விழுந்தது. எதிரே பள்ளத்திலிருந்து மேகம் பால் பொங்குகிற மாதிரி ஏறி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று மேகத்துக்குள் ஓர் ஆள். கறுத்த, நெட்டையான உருவம். கால்கள் பள்ளத்துக்குள் நீண்டு போயின. தலையைச் சுற்றி ஒரு வளையம், உள்பக்கம் நீலமும் விளிம்பில் சிவப்புமாக. நான் கையைத் தூக்கினேன். அதுவும் தூக்கியது.

"டேய், என் தலையில வளையம் பாருடா" என்றான் அண்ணன். எனக்கோ வளையம் என் தலையில்தான் தெரிந்தது. அவன் நிழல் பக்கத்தில் வெறுமனே நின்றது. இரண்டு பேருக்கும் கைகலப்பே வந்துவிட்டது. வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "முனி நிக்குது, கடைக்குப் போங்க ராசா" என்றார்.

நாங்கள் இருவர் சொன்னதும் சரிதான் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஜெர்மனியில் புரோக்கன் என்ற சிகரத்தில் 1780-ல் சில்பர்ஷ்லாக் என்ற பாதிரியார் இதே காட்சியைப் பதிவு செய்தார். அதனால் இதற்குப் 'புரோக்கன் ஸ்பெக்டர்' என்று பெயர். வெயில் முதுகில் அடிக்க வேண்டும், மேகம் எதிரே கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். நிழல் விழுவது பக்கத்து மேகத்தில். கண் அதைத் தூரத்து மலையோடு வைத்து அளப்பதால் அது பூதம் மாதிரி பெரிதாகத் தெரிகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது வளையம் உண்டாகிறது. அது பார்ப்பவருடைய கண்ணுக்கு நேர் எதிரே மட்டுமே விழும். அதனால் அவரவர் வளையம் அவரவர் தலையில்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இந்த மலையில் யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள், கூட யார் இருந்தார்கள் என்று. கூட இருந்தவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பேன். "நாயே இல்லாத காட்டில் நாய் குரைத்தது" என்பது அடிக்கடி வருகிற கதை. அது கேளையாடு. மான் இனம்தான், ஆனால் பயந்தால் அப்படியே நாய் மாதிரி குரைக்கும். என்னவென்று இன்றுவரை புரியாதவையும் நோட்டில் இருக்கின்றன. அவற்றைப் புரியாதவையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

நான் படித்ததில் மறக்க முடியாத சாட்சி, இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஹாரி மார்ட்டின்டேல். 1953-ல், 18 வயதில், பிளம்பிங் வேலை பழகிக்கொண்டிருந்தவர். டிரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் நிலவறையில் ஏணி மேல் நின்றபோது ஊதுகுழல் சத்தம் கேட்டது, சுவரிலிருந்து ரோமானிய வீரர்கள் வரிசையாக வந்தார்கள் என்றார். முழங்காலுக்குக் கீழே அவர்களைக் காணவில்லை. தரை தோண்டியிருந்த இடத்துக்கு வந்ததும்தான் கால் தெரிந்தது. அந்தத் தரைக்குக் கீழேதான் ரோமானியர் காலத்துச் சாலை இருக்கிறது. உண்மையோ பொய்யோ, அந்த முழங்கால் விவரம் என்னை விடுவதில்லை. கதை கட்டுகிறவன் கால் இல்லாத பேயைச் சொல்வான். குழிக்குள் மட்டும் கால் தெரிந்தது என்று சொல்ல மாட்டான். அந்த ஊரில் 1973 முதலே பேய் நடை நடக்கிறது. பழைய தெருக்களில் நடக்க வைத்து, அந்தந்த இடத்தில் நின்று அதன் கதையைச் சொல்கிறார்கள்.

இங்கே நான் போன டூர் அப்படி இல்லை. ஒரு விடுதியில் கேம்ப் ஃபயர் போட்டு, வெள்ளைப் புடவைப் பெண் கதை சொன்னார்கள். அதே கதையை, பங்களா பெயரை மட்டும் மாற்றி, ஊட்டியிலும் கேட்டிருக்கிறேன். அப்புறம் குணா குகையைக் காட்டி, செத்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. பாறைகளுக்கு நடுவே ஆழமான வெடிப்புகள் இருக்கின்றன, அதில் விழுந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மா எங்கோ உயிரோடு இருப்பார்கள். அதைக் காசாக்கக் கூடாது.

அதனால் ராத்திரி டூர் வேண்டாம் என்பேன். இன்னொரு காரணம் காட்டுமாடு. இருட்டினால் ஊருக்குள்ளேயே சாலையில் நிற்கும். டார்ச் அடித்துக்கொண்டு கூட்டமாகப் போவது ஆபத்து.

பகலில் போங்கள். பெருமாள்மலைப் பக்கமும் தாண்டிக்குடியிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஊரில் குள்ளர் குகை என்பார்கள். உள்ளே நுழைந்தால் குனிந்தபடியேதான் இருக்க முடியும். இவ்வளவு சின்ன வீட்டில் இருந்தவர்கள் குள்ளர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கல்லைத் தொட்டால் நண்பகலிலும் சில்லென்று இருக்கும். ஊட்டி போவதாக இருந்தால் நடுவட்டம் சிறை. மலேரியா மருந்துக்காக வளர்த்த சிங்கோனா மரத் தோட்டத்தில் வேலை வாங்க, வெள்ளைக்காரர் காலத்தில் சீனக் கைதிகளை அடைத்து வைத்த இடம். கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தக் குளிரில் எப்படித் தூங்கினார்கள் என்று நினைத்துக்கொண்டே அங்கே நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குமேல் கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட பாதை, சுமார் ஒரு கிலோமீட்டர். வெயிலும் மேகமும் ஒன்றாக வாய்க்க வேண்டும், பெரும்பாலும் வாய்க்காது. அண்ணன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். போன வருஷம் தன் பையனோடு வந்தபோது மூன்று நாள் தொடர்ந்து போய் நின்றோம். இரண்டு நாள் மேகம் இல்லை. மூன்றாம் நாள் மேகம் வந்து வெயிலையும் சேர்த்து மூடிவிட்டது. பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, வளையம் யார் தலையில வரும்?" என்று கேட்டான். அண்ணன் முந்திக்கொண்டு சொன்னான்: "உன் தலையிலதான்."