அடைப்புக்குறிக்கு 35,000 ரூபாயா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லிஸ்ப் வகை நிரல்மொழி ஒன்று கற்க ஆசை. ஆனால் அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. 35,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதத்தில் அந்த வகையில் ஒன்றான ராக்கெட் மொழி கற்றுத்தந்து டெக்னோபார்க்கில் வேலையும் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா? என் மடிக்கணினியில் 4 ஜிபி ரேம்தான்.

பதில்: சேராதீர்கள். டெக்னோபார்க் ஒரு கம்பெனி அல்ல. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் ஐ.டி. வளாகம். உள்ளே ஆளெடுப்பது தனித்தனி நிறுவனங்கள். வேலை அறிவிப்புகளை அதன் தளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். நடுவில் நின்று 'வாங்கித் தருகிறேன்' என்பவர் தரகர், அவ்வளவுதான். அந்த மையத்தின் நோட்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'டாக்டர்ஸ்கீம்' என்று இருந்தால் அது 2010-க்கு முந்தைய சரக்கு. அந்த ஆண்டுதான் மொழியின் பெயர் ராக்கெட் என்றும், டாக்டர்ஸ்கீம் என்ற அதன் எடிட்டரின் பெயர் டாக்டர்ராக்கெட் என்றும் மாறியது.

ராக்கெட் இலவசம், 4 ஜிபி போதும். 'மினிமல்' பதிப்பை இறக்காதீர்கள். அதில் டாக்டர்ராக்கெட் எடிட்டர் வராது. முழுப் பதிப்பை நிறுவி, மொழிப் பட்டியலில் 'பிகினிங் ஸ்டூடன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை விற்ற கணக்கு. கிலோ 60 ரூபாய், குலைகள் 12 கிலோவும் 9 கிலோவும், ஆட்டோ கூலி 30. மேல் பகுதியில் இப்படித் தட்டுங்கள் (கணக்குக் குறி முதலில், எண்கள் பிறகு; * என்றால் பெருக்கல்):

(- (* 60 (+ 12 9)) 30)

'ஸ்டெப்' பொத்தானை அழுத்தினால் முதலில் 21, பிறகு 1260, கடைசியில் 1230. உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு. அடைப்புக்குறிகளை எண்ணவே வேண்டாம். டேப் விசை வரியை உள்ளே தள்ளிக் காட்டும், அதைப் பார்த்தால் போதும்.

பள்ளிக் கணக்கில் (9) என்றாலும் 9 என்றாலும் ஒன்று. இங்கே அப்படியில்லை. திறக்கும் குறி என்றாலே 'அடுத்து வரும் ஃபங்ஷனை (+, * போன்ற செயலை) இயக்கு' என்று பொருள். (+ 12 (9)) என்றாலும் (12 + 9) என்றாலும் 'ஃபங்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறது' என்று பிழை வரும். சந்தேகத்துக்கு ஒரு குறி கூடுதலாகப் போடும் பழக்கத்தை விடுங்கள்.

ஒரு முக்கியமான விலக்கு. நிபந்தனை பார்க்கும் இஃப் (நிரலில் ஆங்கில எழுத்தில் தட்டவும்) எல்லாவற்றையும் கணக்கிடாது.

(இஃப் (= 0 0) 1 (/ 1 0))

பூஜ்யத்தால் வகுத்தால் பிழை வரவேண்டும் அல்லவா? வராது, விடை 1. நிபந்தனை சரியானதும் கடைசிப் பகுதியை அது தொடுவதே இல்லை. 0-வை 1 ஆக மாற்றி (= 0 1) என்று ஓட்டுங்கள்; பிழை வரும். தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் (இதுதான் ரிகர்ஷன்) ஓரிடத்தில் நிற்பது இதனால்தான். இது புரியாமல் ரிகர்ஷனுக்குப் போகாதீர்கள்.

கல்லூரியில் இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதச் சொல்வார்கள். நோட்டு பிழைச் செய்தி காட்டுமா? மதிப்பெண்ணுக்காக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் ஓட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பும் நிரலை ஒட்டினால் வளைந்த மேற்கோள்குறிகள் வந்துவிடும். 'வேரியபிள் வரையறுக்கப்படவில்லை' என்று புலம்பும். அந்தக் குறிகளை அழித்து விசைப்பலகையில் மறுபடி தட்டுங்கள்.