எப்போதாவது ஒன்றுதானே?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன் நண்பர்களோடு எப்போதாவது சிகரெட் பிடிக்கிறான். கேட்டால் "எல்லாரும்தான் பிடிக்கிறாங்க, நினைச்சா விட்டுடுவேன்" என்கிறான். அடித்துத் திருத்துவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அடித்தால் ஒளிந்து பிடிப்பான், அவ்வளவுதான். புகையை இழுத்த சில நொடிகளில், புகையிலையில் இருக்கும் அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையோ சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் அடிமையாகிறார்கள், தினமும் பிடிக்காதவர்கள்கூட. "எல்லாரும்" என்பதும் சும்மா. வகுப்பில் யார் யார் பிடிக்கிறார்கள் என்று பெயர் சொல்லி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடிக்காதவர்களே அதிகம் இருப்பார்கள். புற்றுநோய் பயமெல்லாம் இந்த வயதில் ஏறாது. விளையாடும்போது மூச்சு வாங்குவது, சட்டையில் நாற்றம், விரல் நுனியில் மஞ்சள் கறை, இதெல்லாம் உறைக்கும். வீட்டில் வேறு யாராவது பிடிக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம், அவன் விட்ட முதல் சில நாட்களில்தான் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் உச்சத்தில் இருக்கும். சிடுசிடுத்தால் திட்டாமல் கூடவே இருங்கள். இ-சிகரெட்டுக்கு மாறுகிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள், பெரும்பாலானவற்றில் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது.