கேட்டவுடன் வீடியோ: கேபிளில் நெரிசல் எங்கே?
கேபிள் டிவியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கேட்டவுடன் தனித்தனியே வீடியோ அனுப்பினால் கேபிள் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வட அமெரிக்க முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, 256 குவாம் பண்பேற்றத்தில் (தரவை அலையில் ஏற்றி அனுப்பும் ஒரு முறை), நொடிக்கு ஏறத்தாழ 38.8 மெகாபிட் சுமக்கும். எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க வடிவில் 3.75 மெகாபிட் வேகமுள்ள சாதாரணத் தர வீடியோக்கள் பத்து மட்டுமே அதில் அடங்கும். பதினோராவது வீட்டார் ரிமோட்டை அழுத்தினால் வேறு அலைவரிசைதான் தேட வேண்டும். ஆகவே வீடுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, அதே அலைவரிசையை ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு படங்களுக்குப் பயன்படுத்துவதே, என் கணிப்பில், முதன்மையான உத்தி. பலரும் கேட்கும் படங்களை அருகிலுள்ள துணை நிலையத்தில் சேமித்துவைத்தால் தலைமை நிலையத்திலிருந்து வரும் ஒளியிழைத் தடத்தின் சுமை குறையும். ஆனால் வீட்டை எட்டும் கடைசிக் கட்டக் கேபிளின் நெரிசல் அதனால் குறையாது. அங்கே எச்.264 போன்ற சுருக்கமுறை கைகொடுக்கும்: அதே தரத்துக்கு எம்பெக்-2 கேட்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதியே அதற்குப் போதும்.