விளம்பரத் தொல்லை: கேள்வி பதில்

கே: பை-ஹோல் (வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரம் தடுக்கும் மென்பொருள்) போட்டேன் சார். பாதி விளம்பரம் நின்றது, பாதி வருகிறது. ஏன்?

ப: டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) இருக்கிறதா பாருங்கள். முதலாவது படுத்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்று நினைக்கிறார்கள். பல சாதனங்கள் இரண்டிடமும் மாறி மாறிக் கேட்கும். அதை அழித்துவிடுங்கள். காலியாக விட ரவுட்டர் சம்மதிக்காவிட்டால் இரண்டு கட்டத்திலும் பை-ஹோல் முகவரியையே போடுங்கள். பை-ஹோல் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள், இல்லையேல் முகவரி மாறும் நாளில் வீடு முழுக்க இணையம் நிற்கும். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாக ரவுட்டர் வேறு டிஎன்எஸ் கொடுப்பதும் உண்டு. பிரௌசரில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' ஓடினால் அதுவும் பை-ஹோலைக் கண்டுகொள்ளாது; அணையுங்கள். கடைசியாக, ஒவ்வொரு சாதனத்திலும் வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

கே: யூடியூப் விளம்பரம் போகவில்லையே?

ப: பை-ஹோலால் போகாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே டொமைனிலிருந்து (தளப் பெயரிலிருந்து) வருகின்றன. டிஎன்எஸ் பார்ப்பது பெயரை மட்டும்தான். பிரௌசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் நீட்சியைப் போடுங்கள். 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், வெறும் 'யூபிளாக்' வேறு ஆட்களுடையது.

கே: குரோமில் அது அணைந்துவிட்டதே?

ப: மேனிஃபெஸ்ட் வி3 (நீட்சிகளுக்கான குரோமின் புதிய விதிமுறை) வந்ததன் விளைவு. குரோமில் அதன் லைட் வடிவம்தான். முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் ஏறும்.

கே: கூடவே இன்னொரு தடுப்பானும் வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

ப: வேண்டாம். 'தடுப்பானை அணை' என்று மிரட்டும் தளங்களை ஏமாற்ற ஒன்று செய்யும் வேலையை மற்றது கெடுக்கும். டிஎன்எஸ்ஸில் பை-ஹோலோடு 8.8.8.8-ஐக் கலக்க வேண்டாம், இதிலும் கலப்பு வேண்டாம்.

கே: போனில் 'வைரஸ் உள்ளது' என்று ஓயாமல் அறிவிப்பு வருகிறது.

ப: வைரஸ் இல்லை. 'ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி அழுத்துக' என்ற பக்கத்தில் எப்போதோ அழுத்தியிருக்கிறீர்கள். குரோம் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள். அறியாத தளங்களையெல்லாம் நீக்குங்கள்.

கே: விளம்பர மெயிலில் அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா?

ப: நீங்களே பதிவுசெய்த கடை என்றால் அழுத்துங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் ஸ்பேம் பொத்தான் மட்டும். அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால் முகவரி உயிரோடிருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கே: இப்படித் தடுப்பது எழுதுகிறவன் வயிற்றில் அடிப்பதல்லவா?

ப: பிடித்த தளத்தில் யூபிளாக் ஆரிஜினின் பவர் பொத்தானை ஒருமுறை தட்டுங்கள், அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும். ஆனால் எல்லா விளம்பரமும் அப்பாவி அல்ல. தேடல் முடிவில் நிஜ நிறுவனம்போல வேடமிட்டு வரும் மோசடி விளம்பரங்களை எச்சரித்து, தடுப்பான் பயன்படுத்தச் சொன்னது அமெரிக்க எஃப்பிஐ, 2022 டிசம்பரில்.

கே: அது மோசடிக்காரனுக்கான மருந்து. நேர்மையான தளத்துக்கு நஷ்டம்தானே?

ப: நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளமும் தன் பக்கத்தில் எந்த விளம்பரம் வருகிறதென்று பார்ப்பதில்லை; இடத்தை ஏலத்துக்கு விட்டுவிடுகிறது. தானே தேர்ந்தெடுத்துத் தன் டொமைனிலிருந்தே தரும் சாதாரணப் பட விளம்பரம் பெரும்பாலும் தடுப்பானிலும் சிக்காது.

கே: பை-ஹோலில் யூடியூப்...

ப: மேலே இருக்கிறது.

கே: பை-ஹோல் படுத்துவிட்டால்? பாதுகாப்புக்கு 8.8.8.8 இருக்கட்டுமே சார்?

ப: இன்னொரு பை-ஹோல் வைத்து அதன் முகவரியைப் போடுங்கள். 8.8.8.8-ஐ அழியுங்கள்.