நகராட்சிக்கு வந்த கொரோனா நிவாரணப் பணம்: எங்கே தேடுவது?

நியூஜெர்சியில் உங்கள் ஊருக்கு வந்த 80 லட்சம் டாலர் கொரோனா நிவாரணத்தை, கருவூலத்துக்குத் தந்த அறிக்கையில் 'அரசுச் சேவைகள்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள், இது மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2021 மீட்புச் சட்டப்படி (American Rescue Plan Act, ஃபெடரல் அரசின் கொரோனா நிவாரணச் சட்டம்) வந்த பணத்தில் 1 கோடி டாலர் வரை, இழப்பை நிரூபிக்காமலே 'வருவாய் இழப்பு' என்று எழுதிக்கொள்ள அமெரிக்கக் கருவூலத் துறையே அனுமதித்தது. அப்படி எழுதிய பணத்தை 'அரசுச் சேவைகள்' என்று செலவழிக்கலாம்; அதில் போலீஸ் சம்பளமும் தரலாம், ரோடும் போடலாம். ஓய்வூதிய நிதியில் போடவோ பழைய கடனை அடைக்கவோ கூடாது. இவ்வளவு தாராளமாக விட்டதுதான் கோளாறு என்பேன்.

சரி, கருவூல அறிக்கையை விட்டுவிட்டு ஊர்க் காகிதங்களைப் பிடியுங்கள். 2024 டிசம்பர் 31-க்குள் பணத்தை இன்ன வேலைக்கு என்று ஒப்பந்தமாக்கியிருக்க வேண்டும். செலவழிக்க 2026 டிசம்பர் 31 வரை கெடு. அதனால் 2024 கடைசி மாதங்களின் கவுன்சில் தீர்மானங்களை முதலில் பாருங்கள். அவசரத்தில் கையெழுத்தானவை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஓப்ரா (OPRA, அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறுவதற்கான நியூஜெர்சி சட்டம்) சட்டப்படி நகராட்சி கிளார்க்குக்கு மனு போடுங்கள். "எல்லாச் செலவு விவரமும்" என்று கேட்டால் தள்ளிவிடுவார்கள். தீர்மான எண், ஒப்பந்தக்காரர் பெயர், காலம் மூன்றையும் குறிப்பிட்டு இன்வாய்ஸ் கேளுங்கள். பொதுவாக 7 வேலை நாட்களில் பதில் வரவேண்டும்.

ஒரே ஆண்டில் 7.5 லட்சம் டாலரோ அதற்கு மேலோ (இப்போது வரம்பு 10 லட்சம்) ஃபெடரல் பணம் செலவழித்திருந்தால் பெரும்பாலும் 'சிங்கிள் ஆடிட்' (Single Audit) என்ற ஃபெடரல் பணத்துக்கான தணிக்கையும் நடந்திருக்கும். அறிக்கை ஃபெடரல் தணிக்கைத் தளத்தில் (Federal Audit Clearinghouse) இலவசமாகவே கிடைக்கும். குறைகளைப் பட்டியலிடும் பக்கத்துக்கு நேராகப் போங்கள். ஏதாவது சிக்கினால் கவுன்சில் கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில், பக்க எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.