தடி எடுத்தவரெல்லாம் தண்டல்காரரா? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினாரே, அதில் குச்சியைப் பிடித்து நடத்தியது வேறு ஒரு வெள்ளைக்காரர். எழுதியவர் ராஜா என்றால் நடுவில் இவர் எதற்கு? – வாசகர், குடியாத்தம்

பதில்: எழுதுவது ஒரு தொழில், நடத்துவது வேறு தொழில். மேடையில் வாசிக்கிறவர் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வரி மட்டும்தான் இருக்கும். பக்கத்து ஆள் என்ன வாசிக்கிறார் என்று காகிதத்தில் தெரியாது. அத்தனை பேர் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய முழுப் பிரதிக்கு ஸ்கோர் என்று பெயர். அது, குச்சி பிடித்து நடத்துகிற கண்டக்டர் ஒருவர் முன்னால்தான் இருக்கிறது. அன்று அது மிக்கெல் டாம்ஸ் என்பவர் முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். சர்ச் கொயரில் பாடுகிறான், வயலினில் டிரினிட்டி எட்டாவது கிரேடு முடித்துவிட்டான். நீட் எழுத மாட்டேன், ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் ஆகப் போகிறேன் என்கிறான். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். இதில் சோறு கிடைக்குமா? – வாசகி, காட்பாடி

பதில்: கிடைக்கும். ரொம்பத் தாமதமாகக் கிடைக்கும், வேலூரில் கிடைக்காது. சி.எம்.சி. இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நீட் வேண்டாம் என்றால் வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தியாவில் முழுநேரத் தொழிலாக நடக்கிற சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கியது ஒன்றுதான், ஆக எப்படியும் பையன் வெளிநாடு போக வேண்டியிருக்கும்.

உலகப் புகழ்பெற்ற கண்டக்டர் ஜூபின் மேத்தா பெயரைப் பையன் இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பான். அவரும் பம்பாயில் டாக்டர் படிப்புக்கான வழியில் போய்க்கொண்டிருந்தவர், பாதியில் இறங்கி 1954-ல், 18 வயதில், வியன்னா போய்ச் சேர்ந்தார். அப்பாவிடம் வாதாட நல்ல உதாரணம்தான், ஆனால் அவருடைய அப்பா மெஹ்லி மேத்தா பம்பாயில் சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா தொடங்கியவர் என்பதைப் பையன் சொல்லாமல் விட்டிருப்பான். எனக்கு அவர் கதையில் பிடித்த இடம் வேறு. வியன்னாவில் பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வேடிக்கை பார்க்க மாணவர்களை விடவில்லை என்றதும், அவரும் கூடப் படித்த கிளாடியோ அப்பாடோவும் அங்கிருந்த பெரிய கொயரில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடுகிற சாக்கில் கரயான் போன்றவர்களின் கையையும் கண்ணையும் எதிரே நின்று பார்க்கலாமே! டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கு முதுகுதான் தெரியும். அதனால் முதல் யோசனை, பையன் கொயரை விடக் கூடாது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாடுகிற பழக்கம் வேலூர்ப் பக்கத்துச் சர்ச்சுகளில் இருக்கிறது, இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல அரிச்சுவடி கிடையாது.

அப்புறம் பியானோ. வயலின் மட்டும் போதாது, ஸ்கோரைப் பார்த்துப் பியானோவில் வாசித்துக் காட்டு என்று நுழைவுத் தேர்விலேயே கேட்பார்கள். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடத்தில் அடித்தளம் போட்டுக்கொண்டு மேலே போகலாம். ஜெர்மனியில் பல அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, ஆனால் ஜெர்மன் மொழி தெரிய வேண்டும். விண்ணப்பத்தோடு அவன் நடத்துகிற வீடியோ கேட்பார்கள், கேமரா வாசிக்கிறவர்கள் பக்கம் இருக்க வேண்டும், அவன் முகமும் கையும் தெரிய வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் சமயத்தில் பாஸ்டரிடம் கேட்டு ஒரு பாட்டை நடத்தச் சொல்லுங்கள்.

படித்து முடித்தால் உடனே ஆர்கெஸ்ட்ரா கையில் வந்துவிடாது. மேத்தாவே 1958-ல் லிவர்பூல் போட்டியில் ஜெயித்து வாங்கியது ஒரு வருஷ அசிஸ்டென்ட் வேலைதான். அசிஸ்டென்ட் என்றால், ஒத்திகையின்போது காலி அரங்கின் நடுவில் ஸ்கோரும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மேடையில் நிற்கிறவர் காதுக்கு ட்ரம்பெட் அளவாகத்தான் கேட்கும், பதினைந்தாவது வரிசையில் அது வயலினை விழுங்கிக்கொண்டிருக்கும். அதைக் குறித்து இடைவேளையில் போய்ச் சொல்வது இவர் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கான கச்சேரிகள் இவர் தலையில். பெரியவர் படுத்துக்கொண்டால் ஒத்திகைகூட இல்லாமல் மேடையேற வேண்டும். 1943 நவம்பர் 14-ல் நியூயார்க்கில் நடத்த வேண்டிய புரூனோ வால்ட்டருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான் அங்கே அசிஸ்டென்டாக இருந்த 25 வயது லியோனார்ட் பெர்ன்ஸ்டைனை ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்தது. காய்ச்சலே வராத பெரியவர்களுக்கு அசிஸ்டென்டாக இருந்து நரைத்துப்போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

கேள்வி: பெரிய கண்டக்டர்கள் எல்லாம் சின்ன ஊர்களில் இருந்து வந்தவர்களாமே, சின்னது என்றால் எவ்வளவு சின்னது? – வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் ஊர் அளவு! பின்லாந்தில் லாஹ்தி என்று ஓர் ஊர், ஜனத்தொகை லட்சத்துச் சொச்சம், 2011 கணக்குப்படி ஆம்பூரும் அப்படித்தான். ஹெல்சிங்கியில் கிளாரினெட் வாசித்தவரான ஓஸ்மோ வான்ஸ்கா 1988-ல் அங்கே தலைமை ஏற்றார். அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவையே வைத்து பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியஸின் இசையை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வெளியிட, வெளிநாட்டு விமர்சகர்கள் வரைபடத்தில் லாஹ்தியைத் தேட வேண்டியதாயிற்று. 2000-ல் ஊரில் சிபேலியஸ் பெயரில் மரத்தாலான அரங்கம் எழும்பியது. 2003-ல் அமெரிக்காவின் மினசோட்டா ஆர்கெஸ்ட்ரா அழைத்தபோதும் லாஹ்தியை அவர் உதறவில்லை, 2008 வரை இரண்டையும் பார்த்துக்கொண்டார்.

ஜெர்மனியின் மைனிங்கன் இன்னும் சின்னது, முப்பதாயிரம் பேர்கூட இல்லை. இன்று பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைவராக இருக்கிற கிரில் பெட்ரென்கோ 1999 முதல் 2002 வரை அங்கேதான் இருந்தார், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு ஓபராக்களை (பாட்டாகவே நடக்கிற நாடகங்கள்) நான்கு நாள் அடுத்தடுத்து நடத்திக் காட்டினார். கரயானும் உல்ம், ஆஹன் என்று சுற்றிவிட்டுத்தான் பெர்லின் வந்தார். தப்பு செய்து திருத்திக்கொள்ள இடமும், ஒரே ஆட்களோடு வருஷக்கணக்கில் உழைக்கிற வாய்ப்பும் சின்ன ஊரில்தான் உண்டு என்பது என் கட்சி.

அமெரிக்கச் சின்ன ஊர்கள் வேறு தினுசு. அங்கே கண்டக்டர் பெரும்பாலும் அந்த ஊரில் குடியிருக்க மாட்டார். கச்சேரி வாரத்துக்கு விமானத்தில் வந்து இறங்குவார், இன்னொரு மாநிலத்தில் இன்னோர் ஆர்கெஸ்ட்ரா இருக்கும். வாசிக்கிறவர்களும் ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கார் ஓட்டுகிறவர்கள்தான். அரசு பணம் கொஞ்சம், டிக்கெட் பணம் கொஞ்சம், மீதிக்கு ஆடித் திருவிழாவுக்கு உபயதாரர் பிடிக்கிற மாதிரி பணக்காரர் வீட்டு விருந்து, ரோட்டரி கிளப் பேச்சு என்று கண்டக்டரே அலைய வேண்டும். இதற்குச் சங்கடப்படுகிறவர் அங்கே தாக்குப்பிடிக்க மாட்டார்.

கேள்வி: பெண்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லையா? – வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வருகிறார்கள், தடுக்கவும் படுகிறார்கள். மரின் ஆல்சாப் 1989-ல் ஆரிகான் மாநிலத்தில் யூஜின் என்ற ஊரில் தொடங்கி, டென்வர் போய், 2005-ல் பால்டிமோர் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தேர்வானார். வாசிப்பவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை, நேரில் போய்ப் பேசினார், 2007-ல் பொறுப்பேற்று 2021 வரை இருந்தார். அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான்.

கேள்வி: சம்பளம்? – வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பெரிய அமெரிக்க நகரம் என்றால் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லாப நோக்கமற்ற அமைப்புகள் என்பதால் அவற்றின் வரிக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சின்ன ஊர் என்றால் கூடவே கல்லூரியில் பாடமும் எடுக்க வேண்டும்.

கேள்வி: வாசிக்கிறவர்கள் யாரும் கண்டக்டரைப் பார்ப்பதாகவே தெரியவில்லையே? – வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில், வேகம் மாறும் இடத்தில், நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி சேரும் இடத்தில் நிமிர்ந்தே பார்ப்பார்கள். கண்டக்டர் சரியில்லை என்றால் முதல் வயலின்காரரைப் பார்த்து வாசித்து முடித்துவிடுவார்கள், சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்த சீசனுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அவர்களிடம் கருத்துக் கேட்டுப் படிவம் வரும்போது மறக்காமல் எழுதியும் கொடுத்துவிடுவார்கள்.