செக் என்ஜின் லைட்: பழைய பெட்ரோல் கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெட்ரோல் வண்டி, பத்து வருடத்துக்கு மேல் ஆனது, டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட். இன்றைக்கு இது மட்டும்தான். ஏசி, கிளட்ச், இன்ஷூரன்ஸ் வேண்டாம். வண்டி எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது, ஸ்கேனரில் என்ன கோடு (பி0171 மாதிரியான கோளாறு எண்) வந்தது, இந்த மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 2012 மாடல், 92,000 கி.மீ. பி0171 வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி லைட். இப்போது இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பி0171 என்றால் என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். வீட்டில் திருடன் என்று குரைத்த நாயை விரட்டிவிட்டு வேறு நாய் வாங்கி வந்திருக்கிறார்கள், அதுவும் குரைக்கிறது. கோடு என்பது புகார் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லும், எந்தப் பார்ட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லாது. இதை இன்றைக்குப் பலமுறை சொல்லப்போகிறேன், இப்போதே மன்னித்துவிடுங்கள்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒன்று இருக்கிறது. அதில் ஃப்யூல் டிரிம் பாருங்கள், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண் வரும். ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. இரண்டையும் கூட்டி, பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 10 வரை இருந்தால் கவலை இல்லை. பிளஸ் 20, 25 என்று நின்றால் லைட் எரியத்தான் செய்யும். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் பிளஸ் 20 இருந்து, ஆர்பிஎம் ஏற்றியதும் 4, 5 என்று இறங்கினால் எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். தலைகீழாக, ஐடிலில் சரியாக இருந்து மேடு ஏறும்போது எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்காகியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நான் சொன்ன காற்றுக் கணக்கு மாஃப் சென்சார் வைத்த வண்டிக்கு. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான், அது காற்றை நேரடியாக அளக்காமல் என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் பிரஷரைப் பார்க்கும். அதில் மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தால் பிரஷர் ஏறியதை ஈசியூவே பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும், அதனால் டிரிம்மில் பெரிதாகத் தெரியாது, ஐடில் மட்டும் ஏறி நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் பி0171 வந்தால் முதலில் பெட்ரோல் பிரஷர், அப்புறம் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும்.

மாஃப் வண்டி என்றால் ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து திராட்டிலுக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாயைக் கழற்றிக் கையால் விரித்துப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், மடிப்பின் அடிப்பக்கம் பிளந்திருக்கும். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து ஓட்டை தேடுவதை மட்டும் செய்யாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கடைக்குப் போங்கள்.

கேள்வி: லைட் விட்டு விட்டு மின்னுகிறது, வண்டி குலுங்குகிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் பிளான். போகலாமா சார்?

போகாதீர்கள். நின்று எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று அர்த்தம், மின்னினால் வண்டியை ஓரங்கட்டு என்று அர்த்தம். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அங்கே எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கானையே உருக்கிவிடும். மலைச்சாலையில் ஃபுல் லோடில் அதைச் செய்தால் பிளக் செலவில் முடிய வேண்டியது கன்வெர்ட்டர் செலவாகிவிடும்.

சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்குக்குக் கரன்ட் கொடுப்பது) உள்ள வண்டியா? பி0301, அதாவது முதல் சிலிண்டர் மிஸ், வந்தால் முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். கோடு பி0302 ஆனால் காயில் போய்விட்டது. நகரவில்லை என்றால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

கேள்வி: பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார்.

பல வண்டிகளில் போகும். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகும். கோளாறு நடந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன, வேகம் என்ன என்று ஈசியூ எடுத்து வைத்த பதிவு அது. அதை அழித்துவிட்டு என்னிடம் வந்து "எப்போதாவது எரியுது சார்" என்றால் நான் என்ன செய்வேன்? பேட்டரி வயரைத் தொடாதீர்கள். முதலில் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுங்கள், அழிப்பது கடைசியில்.

கேள்வி: ஆன்லைனில் விற்கும் சின்ன புளூடூத் ஸ்கேனர் போதுமா? என் வண்டி 2004 மாருதி 800 எம்பிஎஃப்ஐ.

மற்றவர்களுக்குப் போதும், உங்களுக்கு உதவாது. நம் நாட்டில் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து சொல்லும் அமைப்பு, 2010 ஏப்ரலில் பிஎஸ்4 கார்களோடு வந்தது, ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். 2013-க்குப் பிறகு வந்த காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், இஎல்எம்327 வகை ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அந்த சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும்.

அந்தக் கால சுசூகி என்ஜின்களில் டயக்னாஸிஸ் கப்ளரில் இரண்டு முனையை இணைத்தால் லைட்டே கண் சிமிட்டிக் கோடு சொல்லும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12, அதாவது கோளாறு ஏதும் பதிவாகவில்லை. எந்த முனைகள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் ஒயரைச் செருகாதீர்கள்.

கேள்வி: சார் லைட் எரியுது, என்ன பண்ணலாம்?

கோடு?

கேள்வி: டீசல் வண்டி, ஈஜிஆர் என்று வருகிறது...

டீசல் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் அரைகுறையாகச் சொல்லி உங்கள் காசு போக வேண்டாம்.

கேள்வி: சென்சார், ஹோஸ் என்று சுற்றி வளைக்கிறீர்களே, இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகுதான் எல்லாருக்கும் லைட் எரிகிறது. அதை ஏன் சொல்லவில்லை?

சரி, வந்துவிட்டது. கணக்கைப் பார்ப்போம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. அப்படியென்றால் அதே காற்றுக்கு ஈசியூ பெட்ரோலைக் கூட்டி விட வேண்டும், இ10-லிருந்து இ20-க்கு மாறும்போது நாலைந்து சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் டிரிம் 2-லிருந்து 7 ஆகும், லைட் எரியாது. ஏற்கெனவே ஓட்டைக் குழாயோடு 19-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டி 24-க்குப் போகும், எரியும். பெட்ரோல் அந்தக் கோளாறை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளியே இழுத்துப் போட்டது.

கேள்வி: அப்போ இ20-ஆல் பாதிப்பே இல்லை என்கிறீர்களா? நல்லா வக்காலத்து!

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? இ10-க்கு டியூன் செய்த காரில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இ20-ஐ மனதில் வைத்துச் செய்தவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் சீக்கிரம் உப்பிப் போகலாம், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் எத்தனால் ஈரத்தை இழுக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் பி0302-ஐயும் ஏசி கூலிங் குறைந்ததையும் எத்தனால் தலையில் கட்டினால் உங்கள் காயில் தானாகச் சரியாகாது.

கேள்வி: பிரேசிலில் 27 சதவீதம் ஓடுகிறதே, என் 2009 மாடலுக்கு மட்டும் என்ன?

2015-லிருந்து அங்கே 27, 2025 ஆகஸ்டிலிருந்து 30. அங்கே அந்த எரிபொருளுக்கென்றே கார் செய்கிறார்கள், 2003-லிருந்து எத்தனால், பெட்ரோல் எதிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் வண்டியும் ஓடுகிறது. உங்கள் 2009 மாடலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

கேள்வி: யூடியூபில் பெட்ரோலோடு தண்ணீர் கலந்து எத்தனாலைப் பிரித்துக் காட்டுகிறார்கள். செய்யலாமா?

ஐயோ, வேண்டாம். எத்தனால்தான் அந்தப் பெட்ரோலின் ஆக்டேனைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல், என்ஜின் தட்டும். ஈரமும் முழுக்கப் போகாது. இதையெல்லாம் விட, வீட்டில் திறந்த பாத்திரத்தில் பெட்ரோலை வைத்து விளையாடுவதா? எத்தனால் பேச்சு இதோடு முடிந்தது, இனி வருவதற்குப் பதில் போட மாட்டேன்.

கேள்வி: லைட்டை அணைக்க பேட்டரி வயரைக் கழற்றினால்...

மேலே படியுங்கள்.

கேள்வி: மழைக்கு அப்புறம் திடீரென்று சம்பந்தமில்லாத நாலு கோடு ஒன்றாக வந்துவிட்டது. நாலு சென்சாரும் போய்விட்டதா?

நாலு சென்சார் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு போகாது. நாலுக்கும் பொதுவான எர்த், ஃபியூஸ், கனெக்டர் எது என்று தேடுங்கள். கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருக்கும். இல்லையென்றால் எலி. பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு அடியில் புழுக்கை கிடக்கிறதா, ஒயர் மேல் உறை கடிபட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பி0420. கன்வெர்ட்டர் போய்விட்டது, விலை அதிகம், எடுத்துவிட்டு வெறும் பைப் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வெறும் பைப் வைத்து ஓட்டுவது சட்டப்படி தப்பு, புகையும் நாறும், லைட்டும் அணையாது, ஏனென்றால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் (பின் சென்சார்) அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் லைவ் டேட்டா. முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ள வேண்டும், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படுங்கள். அப்போதும் பைப்பில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான். அதோடு, அது ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் குடிக்கும் என்ஜினுக்கோ, மிஸ் அடிக்கும் என்ஜினுக்கோ புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போகும். ஆயில் எவ்வளவு குறைகிறது என்று டிப்ஸ்டிக்கில் பார்த்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.